இடது கைக்கு ஒரு சுதி, வலது கைக்கு ஒரு சுதி

எங்கள் இன்னிசைக் குழுவில் நான் கீபோர்டு வாசிக்கிறேன் என்று நோட்டீஸில் போடுவார்கள். உண்மையில் என் வேலை தப்பை மறைப்பது. பாடுகிறவர் இரண்டாவது சரணத்தில் சுதி இறங்கினால் நானும் கூடவே இறங்கிப்போய், முதலிலிருந்தே அங்கேதான் இருந்தவள் மாதிரி நின்றுகொள்ள வேண்டும். பாடகி பல்லவியை மறந்து நேராகச் சரணத்துக்குத் தாவினால், அப்படித் தாவுவதாகத்தான் ஏற்பாடு என்பது போல நான் ஒரு சின்ன இழுப்பு இழுத்து வழி விட வேண்டும். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதுவும் தெரியக் கூடாது. தெரியாமல் பார்த்துக்கொண்டேன். அதில் எனக்கு நல்ல பெயரும் உண்டு.

என் கணவருக்கும் ஏறக்குறைய அதே பிழைப்பு. சமயநல்லூரில் மைக் செட் வைத்திருக்கிறார். கூவுகிற மைக்கைக் கூவாமல் செய்வது, இரைகிற ஒயரை இரையாமல் செய்வது, ஊராட்சித் தலைவர் மைக்கை வாய்க்குள்ளேயே வைத்துப் பேசினாலும் கொரகொரப்பு வராமல் பார்ப்பது. நாங்கள் பழகியதே மேடைக்குப் பின்னால் ஒயர் மாட்டுகிற இடத்தில்தான். ஆக, ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் காதை உறுத்துவதை இல்லாமல் ஆக்குவதுதான் தொழில். அந்த வீட்டுக்குள் காதை உறுத்துகிற இசை எப்படி வந்தது, வந்து எப்படி ஜெயித்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

வாடிப்பட்டியில் ஒரு காதுகுத்து. காலை முகூர்த்தம். மண்டபத்தில் பந்தி ஒரு பக்கம் ஓட, நாங்கள் மேடையில் பாடிக்கொண்டிருந்தோம். எனக்கு இரண்டு கீபோர்டு, ஒரே ஸ்டாண்டில் ஒன்றின் மேல் ஒன்று. கீழே இருப்பதில் இடது கையால் மூன்று நான்கு கட்டைகளைச் சேர்த்துக் கார்டு பிடிப்பேன், மேலே இருப்பதில் வலது கையால் புல்லாங்குழலோ வயலினோ வாசிப்பேன். எங்கள் குழுவின் தலைமைப் பாடகருக்கு அன்று சளி. எல்லோரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். பாட்டு ஆரம்பிக்கும் முன் என்னைப் பார்த்து விரலைக் கீழே காட்டினார். அரைக் கட்டை இறக்கு என்று அர்த்தம். கீழே இருந்த கீபோர்டில் பொத்தானை அழுத்தி இறக்கினேன். மேலே இருந்ததில் அழுத்த மறந்துவிட்டேன்.

பல்லவி முழுக்க இடது கை மட்டும், அதனால் தெரியவில்லை. இடையிசை வந்தது. வலது கை மேலே போனது. இடது கை ஒரு சுதியில், வலது கை அதற்கு அரைக் கட்டை மேலே. இரண்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிளம்பின. அண்ணன் சடாரென்று திரும்பினார். ரிதம் பேட் வாசிக்கிற தம்பி வாயைத் திறந்தபடி அடித்துக்கொண்டிருந்தான். எனக்கு இரண்டு கையும் வேலையில் இருந்தன, பொத்தானை அழுத்த ஒரு விரல் ஒழியவில்லை. அந்த இடையிசை முடியும்வரை அப்படியே வாசித்தாக வேண்டும்.

முதலில் பல் கூசியது. அப்புறம் கூச்சம் போய், வேறு ஒன்று கேட்க ஆரம்பித்தது. இரண்டு கையும் தனித்தனியே சரியாகத்தான் வாசித்தன. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் இத்தனை வருடமாக வாசித்ததில் எல்லாமே யாருக்காவது விட்டுக்கொடுத்து வாசித்தது. இது அப்படி இல்லை. சேலைத் தலைப்புக்குள் கை மயிர் நிமிர்ந்து நின்றது எனக்குத் தெரிந்தது.

சாப்பிடும்போது அண்ணன் கேட்டார். "என்ன தங்கச்சி, கீபோர்டுக்குப் பேய் புடிச்சிருச்சா?"

"ட்ரான்ஸ்போஸ் போட மறந்துட்டேண்ணே."

"சரி விடு. பந்தியில யாரும் நிமிந்து பாக்கல. பாயசம் நல்லாருந்துச்சு போல."

மறுநாள் காலையில் என் கணவர் வெளியே கிளம்பியதும் கீபோர்டு இரண்டையும் வீட்டில் எடுத்து வைத்து, வேண்டுமென்றே ஒன்றை அரைக் கட்டை இறக்கினேன். அதே இடையிசை. பிறகு ஒரு கட்டை இறக்கி. பிறகு ஒன்றரை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருந்தது. அரைக் கட்டை தகராறு. ஒரு கட்டை முறைத்துக்கொண்டு நிற்பது. ஒன்றரைக் கட்டையில் இரண்டு பேரும் ஏதோ ரகசியம் வைத்துக்கொண்டிருப்பது போல. எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்த அவர் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"எங்கயாச்சும் லூஸ் கனெக்‌ஷனா புள்ள?"

"இல்ல மாமா. வேணும்னேதான் வாசிக்கிறேன்."

"வேணும்னேவா?"

நான் சொன்னதை நம்பாமல் குனிந்து ஒயரையெல்லாம் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

செல்போனில் தேடினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் என்னென்னவோ அடித்துப் பார்த்தேன். இரண்டு கை, இரண்டு ஸ்கேல், பியானோ. ஒரு வீடியோ வந்தது. ஒரு வயதான அம்மாள் தனியாக உட்கார்ந்து பியானோ வாசிக்கிறார். வலது கை முழுக்க வெள்ளைக் கட்டையில், இடது கை முழுக்கக் கருப்புக் கட்டையில். வாடிப்பட்டியில் எனக்கு நடந்தது அப்படியே அதில் இருந்தது. கீழே படித்தேன். நூறு வருடத்துக்கும் முன்னால் எழுதியதாம்.

அதற்கப்புறம் ஒன்றைத் தொட்டு ஒன்று வந்துகொண்டே இருந்தது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு கூட்டம் ஆட்கள், தனிப் பியானோவை வைத்துக்கொண்டு என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளை ஒன்றாக அழுத்தியிருக்கிறார்கள். உள்ளங்கையால் அடித்திருக்கிறார்கள். முழங்கை முதல் மணிக்கட்டு வரை கையைப் படுக்கப் போட்டு ஒரே அழுத்தாக அழுத்தியிருக்கிறார்கள். சிலர் எழுந்து போய்ப் பியானோவின் வயிற்றுக்குள் கையை விட்டுக் கம்பியைச் சுண்டியிருக்கிறார்கள். இதையெல்லாம் தாளில் எழுதி, அச்சடித்து, கோட்டுப் போட்ட கூட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள். கூட்டம் சிரித்திருக்கிறது, கத்தியிருக்கிறது, எழுந்து போயிருக்கிறது. அவர்கள் அடுத்ததை எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு முதலில் வந்தது கோபம். இப்படி ஒன்று இருப்பதை யாரும் என்னிடம் சொல்லவே இல்லையே என்று. பிறகு, பரவாயில்லை, எனக்கு இப்போதும் பத்து விரலும் நன்றாகத்தானே இருக்கின்றன என்று தோன்றியது.

பள்ளியில் படிக்கும்போது ஒரு மியூசிக் டீச்சரிடம் மேற்கத்திய நோட்டேஷன் கற்றிருந்தேன். மேடைக்கு அது தேவைப்படாததால் பாதி மறந்துபோயிருந்தது. நெட்டில் கிடைத்த பழைய தாள்களைச் சிம்மக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வந்தேன். முதல் பக்கத்தைப் படித்து முடிக்கவே ஒரு வாரம் போனது. பஞ்சாயத்து அலுவலகத்தில் தமிழ் சரியாகத் தெரியாத ஆள் மனுவைப் படிப்பது போல எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஆனால் கை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. பாடகர் எங்கே இழுத்தாலும் கூடவே ஓடிப் பழகிய கை அது.

சில பாட்டுகளில் மட்டும் ஒரு சிக்கல். சத்தம் வராமல் சில கட்டைகளை மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு மேலே வேறு கட்டையைப் பட்டென்று அடித்து விட்டுவிட வேண்டும். அடித்த சத்தம் நின்ற பிறகு, அழுத்திப் பிடித்திருக்கிற கட்டைகளின் கம்பிகள் தாமாகவே பேசும். என் கீபோர்டில் அது எப்படிப் பேசும்? உள்ளே இருப்பது சர்க்யூட் போர்டு.

"மாமா, எனக்குக் கம்பி வச்ச பியானோ வேணும்" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "சிம்மக்கல்லு மண்டபத்துல ஒண்ணு கெடக்கு. ரிசப்ஷனுக்குப் பூஞ்சட்டி வைக்கிறாங்க அதுமேல."

எனக்கும் அந்த மண்டபம் தெரியும். அந்தப் பியானோவையும் பார்த்திருக்கிறேன், பீரோ என்று நினைத்திருக்கிறேன். ஏதோ ஒரு பழைய பங்களாவைக் காலி செய்யும்போது மண்டபக்காரர் அழகுக்காக வாங்கிப் போட்டது. என் கணவர் போய்க் கேட்டதும், "இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது, புண்ணியமாப் போகட்டும், தூக்கிட்டுப் போங்க" என்றிருக்கிறார்.

தூக்கினவர்களுக்குத்தான் தெரியும். பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் தூக்கிப் பழகிய ஆட்களே பாதிப் படியில் நிறுத்திவிட்டு, உள்ளே என்ன இரும்பா என்று கேட்டார்கள். இரும்புதான், பெரிய இரும்புச் சட்டம் ஒன்று உள்ளே இருக்கிறது என்று நான் சொன்னதும் இன்னும் கடுப்பானார்கள். குட்டியானை வண்டியில் ஏற்றுவதற்குள் சிம்மக்கல் தெருவில் ஒரு டவுன் பஸ்ஸும் நாலைந்து ஆட்டோவும் பின்னால் நின்று ஹாரன் அடித்தன. டவுன் பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, "அண்ணே, பீரோவைப் படுக்கப் போடுங்க" என்று யோசனை சொன்னார். ஸ்பீக்கருக்குச் சுற்றுகிற மெத்தைகளைச் சுற்றி, கயிறு கட்டி, நான் பின்னாலேயே ஏறி அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வைகைப் பாலம் தாண்டியதும் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி குதிக்க, உள்ளே எல்லாக் கம்பியும் ஒன்றாக முனகின. சமயநல்லூர் வருகிறவரை நான் சிரித்துக்கொண்டே வந்தேன். பின்னால் பைக்கில் வந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

பியானோவை வீட்டுக்குள் நுழைக்க முடியவில்லை. வீட்டை ஒட்டி இருக்கிற மைக் செட் கொட்டகையில், ஆம்ப்ளிஃபயர்களுக்கும் சீரியல் லைட்டுகளுக்கும் நடுவில் நிறுத்தினோம். தேவாலயங்களில் பியானோவுக்குச் சுதி சேர்க்கிற ஒருவரைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தோம். அவர் முழுதாக இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாக முறுக்கினார். என் கணவருக்குப் பொறுக்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நீ எப்படியும் உரசுற மாதிரித்தானே வாசிக்கப் போற? அதுக்கு எதுக்கு இம்புட்டு சுத்தமாச் சுதி?"

"சுதி சுத்தமா இருந்தாத்தான் மாமா மோதுறது மோதுற மாதிரிக் கேக்கும். இல்லாட்டி ரிப்பேரான பியானோ மாதிரித்தான் கேக்கும்."

"அது சரி" என்றார். மைக் செட்காரருக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் ஒயரை இழுத்துப் பார்ப்பதை விட்டார். ஆனால் ரசித்தார் என்று சொல்ல முடியாது. நான் உட்கார்ந்தால் அவர் டீ குடிக்கப் போய்விடுவார்.

ஆடி மாதம் வந்தது. எங்கள் பக்கத்தில் கிழக்குத் தெரு அம்மன் கோயிலுக்கும் ரோட்டடிக் கோயிலுக்கும் ஒரே வாரத்தில் திருவிழா சாட்டுதல். இரண்டுக்கும் இவர் செட்டுதான். இரண்டு கமிட்டியும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காது. நீ ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டினால் நான் இரண்டு கட்டுவேன் என்கிற ரகம். ஒரு மத்தியானம் இவர் வேகமாக வந்து, "வண்டியில ஏறு புள்ள" என்றார்.

இரண்டு கோயிலுக்கும் நடுவில் இருக்கிற முச்சந்தியில் பைக்கை நிறுத்தினார். "இறங்கிக் கேளு."

இடது பக்கத்திலிருந்து ஒரு அம்மன் பாட்டு. வலது பக்கத்திலிருந்து வேறொரு அம்மன் பாட்டு. வேறு சுதி, வேறு தாளம். இரண்டும் அந்த முச்சந்தியில் வந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. காற்று இந்தப் பக்கம் அடித்தால் இது மேலே வரும், அந்தப் பக்கம் அடித்தால் அது. நடுவில் ஒருவர் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் வேப்பிலைக் கட்டோடு பேசிக்கொண்டே போனார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை.

"பிறந்ததுலருந்து இதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார் இவர். "நான்தான் கட்டிவிட்டிருக்கேன். ஆனா இன்னைக்குத்தான் காதுல விழுந்துச்சு. இதைத்தானே நீ வாசிக்கிற?"

"இதேதான். இங்க ரெண்டு கமிட்டி. அங்க நான் ஒருத்தியே ரெண்டு கமிட்டி."

அன்று மாலை அவர் டீ குடிக்கப் போகவில்லை. ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். முடிந்ததும், "அந்தக் கடைசிப் பாட்டுல கையைப் போட்டு அமுக்குற இடம் இன்னும் தைரியமா அமுக்கு" என்றார்.

தைரியம் வந்ததும் மேடை வேண்டும் என்று தோன்றியது. மதுரைக்குள் ஒரு அம்மா பியானோ வகுப்பு நடத்துகிறார். வருடத்துக்கு ஒருமுறை சின்னதாக ஒரு ஹால் பிடித்து, மாணவர்களை வாசிக்க வைப்பார். வெளியாட்களுக்கும் இடம் கொடுப்பார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அன்பாகவே உட்கார வைத்து, வாசியுங்கள் என்றார். இரண்டு சுதிப் பாட்டையும், முழங்கைப் பாட்டில் பாதியையும் வாசித்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க டச் ரொம்ப நல்லாருக்கு. நான் பொய் சொல்லல" என்றார். "ஆனா அன்னைக்கு பேரண்ட்ஸ் எல்லாம் வருவாங்க. ஒரு நோட் தப்பினாலே பிள்ளைங்களை முறைக்கிறவங்க. நீங்க இதை வாசிச்சா, இதுல எது தப்பு எது சரின்னு என்கிட்டதான் கேப்பாங்க. டான்ஸுக்கு வாசிக்கிற வால்ட்ஸ் ஒண்ணு வாசிங்களேன், உங்களுக்கு ஈசியா வரும்."

"வால்ட்ஸ் வரும் மேடம். அதனாலதான் வேண்டாம்" என்றேன். அவர் வருத்தப்பட்டார். எனக்கும் வருத்தம்தான், இல்லாமல் இல்லை. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் என் விரல்கள் முன் சீட்டுக் கம்பியின் மேல் அந்தப் பாட்டையே வாசித்துக்கொண்டிருந்தன.

இவரிடம் சொன்னேன். இவர் ஏதோ ஆம்ப்ளிஃபயரைத் திறந்துபோட்டு ஊதிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"அவுங்க மேடை குடுக்கலேன்னா என்ன? மேடை போடுறதுதானே நம்ம தொழிலு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்தார். சாயங்காலம் நாலு மணி. கொட்டகையிலிருந்த பெட்டிகளைச் சுவரோரமாக அடுக்கினார். தகரக் கூரை சத்தத்தைத் திருப்பி அடிக்கும் என்று, மேலே பந்தல் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டினார். பியானோவின் முன்பலகையைக் கழற்றி வைத்தார். சுத்தியலும் கம்பியும் வெளியே தெரிந்தன. நான் மைக் எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"மைக்கு வேண்டாம்" என்றார். "நேரா காதுக்கே போகட்டும்."

இந்த மனுசன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை.

குழுவில் எல்லோரும் வந்தார்கள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை கொண்டுபோகிற எங்கள் சொந்தக்காரர்கள் வேலை முடிந்து, தலை நிறையப் பூவோடு வந்தார்கள். சிம்மக்கல் மண்டபக்காரர் தன் பூஞ்சட்டி மேடைக்கு என்ன ஆனது என்று பார்க்க வந்தார். முதல் வரிசையில் என் மாமியார், கால் மேல் கால் போட்டு. எல்லாரும் உட்கார்ந்த பிறகு ஆட்டோவில் பியானோ வகுப்பு அம்மாவும் வந்து இறங்கினார். நான் கூப்பிட்டிருந்தேன், வருவார் என்று நினைக்கவில்லை.

அண்ணன் வழக்கமான மேடைக் குரலில் ஆரம்பித்தார். "இன்னைக்கு நம்ம தங்கச்சி வெளிநாட்டுப் பாட்டு வாசிக்கப் போகுது. எனக்கும் புரியல, ஆனா என் சுதியை இத்தனை வருசம் காப்பாத்தினது அதுதான். அதனால நாம உக்காந்து கேட்டுத்தான் ஆகணும்."

வலது கையை வெள்ளையிலும் இடது கையைக் கருப்பிலும் வைத்து ஆரம்பித்தேன். சில வரிகள் போயிருக்கும். முதல் வரிசையிலிருந்து மாமியார் குரல் தெளிவாக வந்தது.

"ஏத்தா, கை வழுக்குதா? எண்ணெய் கிண்ணெய் தொட்டியா?"

கொட்டகையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வாசிப்பதை நிறுத்தினேன். உள்ளூர எனக்குப் பயமில்லை, அதுதான் ஆச்சரியம். முறைக்கிற கூட்டத்தைவிடச் சிரிக்கிற கூட்டம் எனக்குப் பழக்கம்.

"வழுக்கல அத்தை. இந்தா பாருங்க" என்று இடது கையை மட்டும் வாசித்தேன். தாலாட்டு மாதிரி ஒரு சின்ன மெட்டு. "இது நல்லாருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு."

வலது கையை மட்டும் வாசித்தேன். அது ஒரு குதிப்பான மெட்டு. "இது?"

"இதுவும் நல்லாருக்கு."

"இந்தக் கை கிழக்குத் தெருக் கோயிலு. இந்தக் கை ரோட்டடிக் கோயிலு. ஆடி மாசம் முச்சந்தியில நின்னா என்ன கேக்கும்?"

பின்னாலிருந்து யாரோ, "உங்க வீட்டுக்காரர் செட்டுதான் கேக்கும்" என்றார். மறுபடியும் சிரிப்பு. இவர் சுவரோரம் நின்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

இப்போது இரண்டையும் சேர்த்து முதலிலிருந்து வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. மேடையில் இருக்கிறவர்களுக்கு முதுகில் ஒரு காது உண்டு. அவர்கள் இடது கையைப் பின்தொடர்வதும், பிறகு வலது கைக்கு மாறுவதும், பிறகு இரண்டையும் ஒன்றாகப் பிடிக்க முயல்வதும் கேட்டது. கடைசி வரியில் இரண்டு கையும் சமாதானம் ஆகாமலே நிற்கும். நின்றது. ஒரு நொடி கழித்துக் கைதட்டினார்கள்.

அடுத்தது கம்பி பேசுகிற பாட்டு. சத்தமில்லாமல் கட்டைகளை அழுத்திப் பிடித்து, மேலே பட்டென்று அடித்து அந்தக் கையை மட்டும் எடுத்தேன். சத்தம் போன பிறகு, போகாத ஒன்று கொட்டகைக்குள் மிதந்தது. எல்லோரும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அதைக் கேட்டார்கள். அந்த நேரம் பார்த்து நெடுஞ்சாலையில் ஒரு லாரி ஏர்ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கெட்டது என்று நினைத்தேன். ஆனால் திறந்திருந்த கம்பிகள் அந்த ஹாரனைப் பிடித்துக்கொண்டன. லாரி போய்விட்டது, ஹாரன் மட்டும் பியானோவுக்குள் மெல்லியதாக இருந்துகொண்டே இருந்தது.

மாமியார் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அதுவும் உன் பாட்டுல உண்டா?"

"இன்னைக்கு உண்டு அத்தை."

கடைசிப் பாட்டு. வளையல்களைக் கழற்றிப் பியானோ மேல் வைத்தேன். அது ஒரே வேகத்தில் இடித்துக்கொண்டே போகிற பாட்டு. இடது கை விடாமல் ஒரே அடி, வலது கை அதன் மேல் குத்திக் குத்தி எழும்பும். ரிதம் பேட் தம்பி தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டான். பூக்காரச் சொந்தங்கள் தலையை ஆட்டினார்கள், பூ வாசனை என் பக்கம் வந்தது. அந்த இடம் வந்தது. இவர் சொன்னது ஞாபகம் இருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கையைப் படுக்கப் போட்டு, உடம்பின் கனம் முழுவதையும் கொடுத்து அமுக்கினேன். அடிவயிற்றிலிருந்து கிளம்பினது போல ஒரு சத்தம். மறுபடியும். மறுபடியும். பந்தல் துணி அதிர்ந்தது. யாரோ விசில் அடித்தார்கள். விசில் அடித்ததும் எனக்கு நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. இது நம் மேடை. கடைசி அடியை அடித்துக் கையைத் தூக்கினேன்.

சத்தம் அடங்கவே இல்லை. எழுந்து நின்று தட்டினார்கள். "ஒன்ஸ் மோர்" என்று பின் வரிசையில் ஆரம்பித்து முன் வரிசை வரை வந்தது. அண்ணன் என் பக்கத்தில் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஒன்ஸ் மோர் கேக்குறாங்கம்மா" என்றார், எனக்குக் காது கேட்காதது போல.

மறுபடி வாசித்தேன். இரண்டாவது தடவை இன்னும் நன்றாக வந்தது.

முடிந்ததும் மாமியாரிடம் போனேன். "புரிஞ்சுதா அத்தை?"

"இதுல புரியுறதுக்கு என்ன கெடக்கு? கோவத்துல நீ ஏனம் கழுவுற மாதிரியே இருந்துச்சு" என்றார். பிறகு என் முழங்கையைப் பிடித்துத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாருந்துச்சு" என்றார்.

பியானோ வகுப்பு அம்மா கூட்டம் கலையும்வரை காத்திருந்து பியானோ அருகே வந்தார். "நான் ஒரு தடவை பண்ணிப் பாக்கலாமா?" என்று கேட்டார். பட்டுப்புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிவிட்டு, வாழ்நாளெல்லாம் விரலை வளைத்து வளைத்துச் சொல்லிக்கொடுத்த கையை அப்படியே கட்டைகளின் மேல் படுக்கப் போட்டார். பெரிய சத்தம் வந்தது. அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். "ஹாலுக்கு வந்து இதையே வாசிங்க. அந்த இடது கை, வலது கை தனித்தனியாக் காட்டினீங்களே, அதையும் பண்ணுங்க. கேள்வி கேக்குற பேரண்ட்ஸை நான் பாத்துக்கிறேன்."

ஹாலில் வாசித்தேன். இஸ்திரி போட்ட சட்டைகள், செல்போனில் படம் பிடிக்கிற கைகள். இங்கேயும் முதலில் சலசலப்பு, பிறகு தனித்தனிக் கை, பிறகு அமைதி, பிறகு கைதட்டல். முடிந்து வெளியே வந்தபோது ஒரு அப்பா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "இதைத்தான் கத்துக்குவேன்னு அடம் புடிக்கிறா, எங்க போய்க் கத்துக்கிறது?" என்றார். பின்னால் நின்ற பியானோ வகுப்பு அம்மா நான் வாய் திறக்கும் முன், "ரெண்டு பேரும் சேந்து சொல்லிக்குடுக்குறோம்" என்றார். இப்போது வாரத்தில் இரண்டு நாள் நான் அங்கே போகிறேன்.

எங்கள் குழுவிலும் அது நுழைந்துவிட்டது. அண்ணன்தான் கொண்டுவந்தார். பாட்டுகளுக்கு நடுவில் அவர் தண்ணீர் குடித்து மூச்சு வாங்குகிற நேரத்தை எனக்குக் கொடுத்தார், நான் கீபோர்டிலேயே வாசித்தேன். சில ஊர்களில் புரியாமல் பார்த்தார்கள், ஒரு ஊரில் நிறுத்தச் சொன்னார்கள். பெரும்பாலான ஊர்களில் விசில் பறந்தது.

போன வாரம் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கமிட்டிக்காரர் அண்ணனுக்குப் போன் செய்தார். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார், எல்லோரும் கேட்டோம்.

"அண்ணே, பாட்டு எம்புட்டு வேணும்னாலும் குறைச்சுக்கங்க. அந்த அக்கா கையைப் படுக்கப் போட்டு வாசிக்கிறாங்கல்ல, அது கண்டிப்பா வேணும். கீபோர்டு இல்லையாம்ல, பெரிய பியானோவுல வாசிக்கிறதாம்ல?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் அதற்குள் எழுந்து, பரணிலிருந்து கயிற்றை இறக்கிக்கொண்டே ஆட்களுக்குப் போன் போட்டுவிட்டார். "மாப்ள, நல்லாச் சாப்பிட்டுட்டு வாங்க. பியானோ மேலூருக்குப் போகுது."